கடைசி பெஞ்சுக்காரரின் சாட்சி

எங்கள் வீட்டு மாடிப்படியை ஒட்டி ஒரு ஜன்னல் இருக்கிறது. என் தையல் மெஷினை அங்கேதான் போட்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் என் கண்ணில் படாமல் தப்ப முடியாது. வெளிச்சத்துக்காகத்தான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் போனால் தலை வெடித்துவிடும். பிறவிக்குணம், என்ன செய்வது?

கீழ்வீட்டில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கொழுந்தன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாங்கள் போகிற கிறிஸ்தவ சபையில் அவருக்கு ‘கடைசி பெஞ்சு’ என்று பெயர். ஆராதனையில் இரண்டு பாட்டு முடிந்த பிறகுதான் வந்து சேருவார். பிரசங்கம் ஆரம்பித்ததும் தலை தொங்கிவிடும். சபையில் விருந்து என்றால் மட்டும் முதல் ஆளாக நிற்பார். இரண்டாம் தடவை தட்டை நீட்டும்போது, “முதல்ல ருசி பாத்தேன், இப்பதான் சாப்பிடப் போறேன்” என்பார். பரிமாறுகிற பெண்கள் சிரித்துக்கொண்டே அள்ளிப் போடுவார்கள்.

ஆனால் காது என்றால் அவர் காதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தபோது, மனிதர் எழுந்து பின்பக்கச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார். “கம்ப்ரசருக்கு மூச்சு முட்டுது பாஸ்டர். விட்டிருந்தா புகைஞ்சிருக்கும்” என்றார். எங்கள் போதகருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நான் ஆண்டவரோட சத்தத்தைக் கேளுங்கன்னு சொன்னேன். இவர் ஃப்ரிட்ஜோட சத்தத்தைக் கேட்டிருக்காரு” என்று மைக்கிலேயே சொன்னார்.

அவர் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய ஜெபக்குறிப்பு ஒன்றே ஒன்றுதான்: தன் புருஷனைக் கர்த்தர் தொடவேண்டும், அவர் ஜெபிக்கிற மனிதராக மாறவேண்டும். ஜெபக்கூட்டத்தில் அவள் வாயைத் திறக்கும் முன்பே மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்லத் தயாராகிவிடுவார்கள், அவ்வளவு மனப்பாடம்.

அந்த வருஷம் அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் தெரிந்தது எனக்குத்தான். ஒருநாள் கொழுந்தன் ஒரு பேன்ட்டைக் கொண்டுவந்தார். “அண்ணி, இடுப்புல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுத் தாங்க” என்றார். தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதே பேன்ட் திரும்பி வந்தது. ஏற்கெனவே பிடித்த இடத்திலேயே இன்னும் உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தட்டு கேட்கிற மனிதருக்கு இது எப்படி நடக்கும்?

கீழே போய் ஓரகத்தியிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“உபவாசம் அக்கா! யார்கிட்டயும் சொல்லிக்கறது இல்ல. தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போயிடறாரு. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பின்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறாரு.”

பின்ரூம் என்பது பழைய கம்ப்ரசர்களும் செம்புக் குழாய்களும் கிடந்த அறை. அவள் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒரு நாற்காலியும் சின்ன மேஜையும் போட்டு, வேதப்புத்தகத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். அவர் உள்ளே இருக்கும்போது வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது. யாராவது வந்தால் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள்.

சபையிலும் ஒரே ஆச்சரியம். கடைசி பெஞ்சுக்காரர் ஆராதனை தொடங்குவதற்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தது ஓரகத்திதான். ஆனால் அவரும் மறுக்கவில்லை. பாட்டுப் பாடும்போது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது. கல்லும் கரைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? நானும் சின்ன வயதிலிருந்து ஜெபிக்கிறவள்தான். கண்ணை மூடினால் நாளைக்கு என்ன சமைப்பது என்பதுதான் வந்து நிற்கும். பிரசங்கத்தில் குறட்டை விட்ட மனிதருக்குத் திடீரென்று என்ன கிடைத்தது? அந்த அறைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் ஓரகத்தி கடைக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். தைத்த பேன்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்ரூம் கதவை லேசாகத் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் திறந்துவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் நிற்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றொன்று பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. மேஜையில் வேதப்புத்தகத்தின் ஜிப் உறை மூடியபடியே இருந்தது.

“ஜெபத்துல இருந்தீங்களா தம்பி?”

“இல்ல அண்ணி. சும்மா உக்காந்திருக்கேன்.”

“எதையாவது யோசிச்சுட்டு இருக்கீங்களா?”

சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யோசிக்கவும் முடியல.”

பேன்ட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது என் கால் நனைந்தது. சமையலறை ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓரகத்தி அதைச் சுற்றிப் பழைய துண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது.

“தம்பி, உங்க ஃப்ரிட்ஜ் தண்ணியா ஒழுகுதே!”

“அப்படியா?” என்றார். அவ்வளவுதான். எழுந்துகூட வரவில்லை.

அந்த ‘அப்படியா’தான் என்னைக் குடைந்தது. கண்ணை மூடி ஜெபிக்கும்போதே அடுத்த அறையில் ஒரு கம்ப்ரசர் திணறுவதைக் கேட்டவர், தன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆடுவதைக் கேட்கவில்லை. ஆண்டவர் ஒரு மனிதரைத் தொட்டால் காது அடைத்துப் போகுமா? அதற்கு வேதத்தில் எங்கேயாவது ஆதாரம் இருக்கிறதா? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நல்லா இருக்கறவனை ஏன் நோண்டற?” என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் ஜன்னலில் இன்னொன்றைப் பார்த்தேன். எதிர்த்தெருவில் இன்னொரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். கொழுந்தனுக்கும் அவருக்கும் எப்போதும் போட்டிதான். அவர் எங்கள் வாசலிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு தோல்பையோடு போய்க்கொண்டிருந்தார். அந்தப் பையை எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜுக்குள் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கேஜ் அதில்தான் இருக்கும். சிவப்பும் நீலமுமாக இரண்டு முகம் உள்ளது. கூடப்பிறந்த அண்ணன் கேட்டால்கூடக் கொழுந்தன் அதை இரவல் தரமாட்டார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். எதிர்க்கடைக்காரரும் குழம்பித்தான் போயிருந்தார்.

“நான் கேக்கவே இல்லக்கா. கூப்பிட்டுக் குடுத்தாரு. காசும் வாங்கல. ‘இனிமே எனக்கு எதுக்கு’ன்னு சொன்னாரு.”

வேலை செய்து சாப்பிடுகிற மனிதர் எப்போது அப்படிச் சொல்வார்?

ஓரகத்தி ஞாயிற்றுக்கிழமைக்காக அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறு ஆராதனையில் கொழுந்தன் சாட்சி சொல்வதாகப் போதகர் அறிவித்திருந்தார். தேவன் தன்னை எப்படி மாற்றினார் என்று சபைக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும். கேஜைப் பற்றிச் சொன்னேன். “பொருளாசை போயிடுச்சு அக்கா!” என்றாள்.

“ஏம்மா, இல்லாதவனுக்குக் குடுத்தா தர்மம். அந்தாள்கிட்ட ஏற்கெனவே ரெண்டு கேஜ் இருக்கு. இது வேற என்னமோ. எனக்குப் பயமா இருக்கு.”

“எத்தனை வருஷமா ஜெபிச்சிருக்கேன் அக்கா. இப்பதான் கிடைச்சிருக்கு. தயவுசெஞ்சு சந்தேகப்படாதீங்க.” அவள் கண் நிறைந்துவிட்டது. பேச்சை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்கு வந்தேன்.

போதகருக்குப் போன் செய்து, கொழுந்தன் முகமே சரியில்லை என்றேன். “சகோதரி, ஆண்டவருக்கு முன்னாடி உடைஞ்சுபோன மனுஷன் முகம் அப்படித்தான் இருக்கும்” என்றார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கொழுந்தனிடமே கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை மாலை இறங்கினால், ஜெபத்தில் இருக்கிறார் என்று ஓரகத்தி வாசலை மறித்துக்கொண்டாள். என்னால் முடிந்தது ஒன்றுதான். என் வீட்டுக்காரரின் கையில் தலையணையைக் கொடுத்து, “மேல ஃபேன் ஓடலைன்னு சொல்லிட்டு உங்க தம்பி பக்கத்துல படுத்துக்குங்க” என்று அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார், ஆனால் போனார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. போதகர் பெயரைச் சொல்லி அழைத்ததும் கொழுந்தன் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. பிறகு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

“நான் உபவாசம் இருக்கறேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் உபவாசம் இருக்கல. பசிக்கல, அவ்வளவுதான்.”

யாரோ பழக்கதோஷத்தில் “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

“விடியக்காலைல எழுந்து ஜெபிக்கறேன்னு சொல்றாங்க. தூக்கம் வரல, அதான் எழுந்துக்கறேன். அந்த ரூம்ல நான் ஒரு வார்த்தைகூட ஜெபிக்கல. முயற்சி பண்ணிப் பாத்தேன். வாய் வரைக்கும் வருது, அப்புறம் ஒண்ணும் இல்ல. பாட்டுல அழுதேன்னு சொல்றாங்க. அது என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியாது. இப்பல்லாம் சும்மா இருந்தாலே கண்ல தண்ணி வருது.”

அவர் ஓரகத்தி இருந்த பக்கம் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. அதனாலதான் சொல்லல. ஆனா இங்க நின்னு பொய் சாட்சி சொல்ல முடியல. மன்னிச்சிடுங்க.”

மன்னிப்புக் கேட்ட பிறகும் அவர் மைக்கை விட்டு நகரவில்லை. நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். குடிக்க வைத்தேன். காதருகில் குனிந்து, நேற்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

“தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

மைக் வாய்க்கு நேராக இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் கேள்வி சபை முழுக்கக் கேட்டது. அவர் பதிலும் கேட்டது.

“தோணுது அண்ணி. இந்தச் சாட்சியை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன்.”

“நான் கேட்டது இது இல்லையே, ஆண்டவரே!” என்று ஒரு சத்தம் வந்தது. ஓரகத்திதான். இரண்டு வரிசை பெஞ்சுகளை இடித்துக்கொண்டு ஓடிவந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை.

எல்லோரும் போதகரைப் பார்த்தோம். இப்போது பெரிய ஜெபம் ஒன்று வரும் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து மைக்கை அணைத்தார். கையை நீட்டி, “வண்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். எங்கள் சபையில் ஆசீர்வாதம் சொல்லாமல் ஆராதனை முடிந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பசிக்கிறதா? விடியற்காலையில் விழிப்பு வந்து பிறகு தூக்கம் போய்விடுகிறதா? தனியாக இருக்கவே தோன்றுகிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? முன்பு பிடித்த வேலை இப்போது பிடிக்கிறதா? உங்கள் பொருள்களை யாருக்காவது கொடுத்தீர்களா? நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சபை பரிசுத்தம் என்று கொண்டாடிய அத்தனையும் அந்தக் கேள்விகளில் வரிசையாக வந்தன. எதிர்வரிசையில் போதகர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது மனச்சோர்வு நோய். சரியாகும், நாளாகும். கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். தனியா விடாதீங்க” என்றார் டாக்டரம்மா. நான் விடுவேனா? ஏன் வருகிறது, மருந்து எங்கே போய் வேலை செய்கிறது, எப்போது தெரியும் என்று துளைத்தெடுத்தேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அண்ணி என்றேன். “இவ்வளவு கேள்வி கேக்கற ஆள் ஒருத்தர் வீட்டுல இருக்கறது நல்லதுதான்” என்றார். அதை என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன்.

கொழுந்தன் வீடு திரும்பியதும் சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். விசுவாசம் குறைந்தால்தான் இப்படி வரும், மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை நம்பச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. “சாப்பாட்டுக்கு முன்னாடி நீங்க சுகர் மாத்திரை போடறீங்களே, அப்ப உங்க விசுவாசம் எங்க போகுது? லீவுல போயிடுமா?” என்று கேட்டேன். வந்த வழியே போனார்கள். அதில் ஒருத்தி மறுவாரம் ஒரு தூக்கு நிறைய சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அவளை நான் மன்னித்துவிட்டேன்.

போதகர் தன் தப்பைச் சபைக்கு முன்னால் ஒத்துக்கொண்டார். வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசியைப் பற்றி அன்று பேசினார். அந்தக் கதை எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் தேவதூதன் அவரிடம் எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சமைக்கிறவளுக்கு அது புரியும்.

மத்தியான வேளைகளில் போதகர் கீழ்வீட்டுக்கு வந்து கொழுந்தனோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கேட்டாலொழிய ஜெபிக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. பாவம், அவருக்கு வாய் துறுதுறுவென்று இருக்கும், அடக்கிக்கொள்வார். ஒருநாள் கொழுந்தனே சொன்னார்.

“என்னால ஜெபிக்க முடியல பாஸ்டர். இப்பவும் முடியல. என்னை மாதிரி ஆளை அவர் எப்படி ஏத்துக்குவாரு?”

“கூரையைப் பிரிச்சு நாலு பேர் நடக்க முடியாத ஒருத்தரைக் கட்டிலோட ஆண்டவர் முன்னாடி இறக்கினாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கட்டில்ல கிடந்தவர் என்ன ஜெபம் பண்ணாரு?”

கொழுந்தன் யோசித்தார். “ஒண்ணும் பண்ணல.”

“படுத்திருந்தாரு, அவ்வளவுதான். நீங்களும் படுத்திருங்க. தூக்கறதுக்கு நாங்க இருக்கோம்.”

அன்று கொழுந்தன் தட்டைத் தள்ளிவைக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாத்திரையால் முதலில் நாக்குத்தான் வறண்டது. வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் தேறி வேலைக்குப் போனார், நான்காம் நாள் மறுபடியும் பின்ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஓரகத்தி அந்த அறையின் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தாள். நாற்காலியைச் சுவரிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பி, பக்கத்தில் தனக்கும் ஒன்று போட்டிருந்தாள். அவர் உட்கார்ந்தால் அவளும் கீரையையோ வெங்காயத்தையோ நறுக்கிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பாள். ஜெபக்கூட்டத்தில் அவள் குறிப்பும் மாறியது. “அவரை மாத்தணும்னு இனிமே கேக்க மாட்டேன். அவர் இருக்கணும். அது போதும்” என்றாள். அந்த முறை ஆமென் யாருக்கும் மனப்பாடமாக வரவில்லை.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் விட்டால் நான் நானில்லை.

“அந்த ரூம்ல ஆண்டவர் இருந்தாரா தம்பி?”

“தெரியல அண்ணி. ஒரு சத்தமும் கேக்கல.” என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஆனா ஒருநாள் யாரோ கதவைத் தட்டினாங்க. பேன்ட்டோட.”

எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்கக் கொழுந்தன் மாடி ஏறி வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

“அண்ணி, உங்க ஃப்ரிட்ஜ் சத்தம் மாறியிருக்கு.”

எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. அவர் போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “கேஸ் குறைஞ்சிருக்கும்போல. அளந்து பாக்கணும்” என்றவர், தன் கையையே பார்த்தபடி நின்றார். கேஜ் இல்லை. கொடுத்துவிட்டார்.

“குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அசிங்கமா இருக்குமா அண்ணி?”

“அசிங்கம்தான். வாங்க, நானும் கூட வரேன்.”

நாங்கள் போனபோது எதிர்க்கடைக்காரர் ஒரு ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொழுந்தன் வாசலில் தயங்கி நின்றார். “அந்த கேஜ்...” என்று இழுத்தார். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து தோல்பையை எடுத்தார். நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்த அதே முடிச்சோடு இருந்தது.

“அவுக்கவே இல்ல. எப்ப வந்து கேப்பீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்” என்றார்.

திரும்பி வந்து ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டு, குழாயை மாட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு பாதிக்குப் பாதி தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். நான் வழக்கம்போல அது என்ன, இது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எரிச்சலோடு நிமிர்ந்தார்.

“கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஏதாவது குடுங்க அண்ணி. பசிக்குது.”

ஓரகத்தி படியில் பாதி ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வீட்டில் இருந்ததையெல்லாம் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் கேஜிலிருந்து கண்ணை எடுக்காமலே சாப்பிட்டார். தட்டு காலியானதும், திரும்பிப் பார்க்காமல், தட்டை மட்டும் பின்னால் நீட்டினார்.